நான்காம் முனையம் வீரையா

கொடைக்கானலில் மூஞ்சிக்கல்லுக்கு மேலே, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் இருந்த ஓர் ஓட்டுக் கட்டடத்தில் 'தாயகம் திரும்பியோர் விவரச் சரிபார்ப்பு அலுவலகம்' என்று ஒன்று இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்து இந்த மலையில் குடியமர்ந்தவர்களுக்கு, அவர்கள் அப்படி வந்தவர்கள்தான் என்று சான்று கொடுப்பது அதன் வேலை. அங்கே ஒரு மேஜை, இரண்டு பேரேடு, ஒரு ரப்பர் முத்திரை இருந்தன. தலைமை எழுத்தர் மணியன் பேரேட்டைப் புரட்டி, பெயரைக் கண்டுபிடித்து, சான்றை எழுதி முத்திரை குத்த இருபது நிமிஷம் ஆகும். இவ்வளவு வெரசாக வேலை நடந்ததால் அந்த அலுவலகத்துக்கு மலையில் மதிப்பே இல்லை.

இந்தக் குறையை அரசு 1987-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ம் தேதி நீக்கியது. அன்று அலுவலகம் கணினிமயமானது.

வந்து இறங்கியவை மொத்தம் ஐந்து கம்ப்யூட்டர்கள். சிறியவை நான்குக்கும் முனையம் 1, முனையம் 2 என்று நான்கு வரை பெயர். பெரியதற்குத் தலைமை என்று பெயர். பேரேடுகள் இரண்டும் கட்டிப் பரணில் போடப்பட்டன. 'கையால் எழுதிய சான்று செல்லாது' என்று வாசலில் பலகை மாட்டினார்கள். தலைமைக்குத் தனி அறை, தனிக் கதவு. கம்ப்யூட்டர் குளிரில்தான் இருக்க வேண்டும் என்பது மதுரை வெயிலை மனத்தில் வைத்து எழுதிய விதி. விதி எல்லா ஊருக்கும் பொது என்பதால் கொடைக்கானலிலும் அந்த அறைக்கு ஏ.சி. வைத்தார்கள். அதே அறையில் உட்காரும் தனி அலுவலர் சுப்புராஜ் விறைத்துப் போகாமலிருக்க ஒரு ஹீட்டரும் வைத்தார்கள். இரண்டும் பகல் முழுவதும் ஒன்றையொன்று எதிர்த்து அரசுப் பணி ஆற்றின.

பண்ணைக்காட்டு வீரையா அங்கே முதன்முதலாகப் போனது ஜூலை 20. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். அதில் பதினெட்டு வருஷம் கொழுந்து நிறுக்கிற தராசுப் பக்கம் நின்றவர். அதனால் பேச்சு குறைவு, எண்ணிக்கை அதிகம். பஸ்ஸுக்கு எத்தனை வளைவு, அலுவலகத்துக்கு எத்தனை படி என்றெல்லாம் அவரிடம் கணக்கு இருந்தது. படி இருபத்தி மூன்று.

அவர் மகள் லெட்சுமிக்குத் திண்டுக்கல்லில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. தாயகம் திரும்பியோர் சான்றை ஆகஸ்ட் 31-ம் தேதிக்குள் காட்டாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். நாற்பத்திரண்டு நாள் இருந்தது.

"ஐயா, மகளுக்கு ஒரு சான்றுங்க" என்றார் ஜன்னலில்.

"கம்ப்யூட்டர்லேருந்துதான் வரும் பெரியவரே" என்றார் மணியன்.

"எப்பங்க வரும்?"

"அது பூட்டிக் கெடக்கு."

"தொறந்தா வருமுங்களா?"

"பூட்டச் சொல்லி உத்தரவு இருக்கு. தொறக்கச் சொல்லி உத்தரவு இல்லையே."

வீரையா எட்டிப் பார்த்தார். தரையில் ஒரு மீன் வலை விரித்திருந்தது. வலையின் மேல் நான்கு மேஜை, மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் சங்கிலி போட்டு வலையோடு பிணைத்து, சங்கிலி முழுக்கத் திண்டுக்கல் பூட்டு தொங்கியது. அவர் எண்ணினார். மெஷினுக்குப் பதினாலு, மொத்தம் ஐம்பத்தாறு பூட்டு. மீன் வாசனைக்கு இரண்டு பூனைகள் வந்து வலையில் படுத்திருந்தன.

நடந்தது இதுதான். சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை எழுதினார்கள். எல்லா முனையங்களையும் தினமும் காலை பத்து மணிக்கு நெட்வொர்க் வழியாக 'பூட்' செய்யவேண்டும் என்பது அதன் சாரம். தூங்குகிற கம்ப்யூட்டரை எழுப்பி வேலைக்கு நிறுத்துவதற்கு அந்தத் தொழிலில் அப்படிப் பெயர். ஆட்சிமொழி விதிப்படி அதைத் தமிழாக்கியவர் மனசாட்சி உள்ள மனிதர். நெட் என்றால் வலை. அதில் அவருக்குச் சந்தேகமில்லை. பூட் என்றால் செருப்பு என்பது அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குச் செருப்பு மாட்ட முடியாது என்பதும் தெரியும். ஆகவே தட்டச்சில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சேர்த்தார். சுற்றறிக்கை இப்படி வந்து சேர்ந்தது:

'முனையங்கள் யாவும் நாள்தோறும் முற்பகல் பத்து மணிக்கு வலையின் மீது பூட்டப்படல் வேண்டும். தவறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.'

"திண்டுக்கல் மாவட்டத்துக்காரனுக்குப் பூட்டு பூட்டச் சொல்லிக் கொடுக்கணுமாய்யா?" என்று சுப்புராஜ் பெருமையோடு சொன்னார். வலையை அலுவலக உதவியாளர் மொக்கைச்சாமி தம் ஊரான அய்யம்பாளையத்திலிருந்து, மருதாநதி அணையில் மீன் பிடிப்பவர்களிடம் வாங்கி வந்தார். மெஷின் மேல் வலையா, வலை மேல் மெஷினா என்று ஒரு நாள் விவாதித்தார்கள். 'வலையின் மீது' என்று தெளிவாக இருப்பதால் வலை கீழேதான் என்று மணியன் தீர்த்து வைத்தார்.

இரண்டாம் நாள் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. நாள்தோறும் பூட்ட வேண்டும். நேற்றே பூட்டியாகிவிட்டது. பூட்டின பூட்டை மறுபடி எப்படிப் பூட்டுவது? திறந்து பூட்டலாம் என்றால் திறக்க அனுமதி இல்லை. கடைசியில், நாளுக்கு ஒரு புதுப் பூட்டு கூடுதலாகப் போடுவது என்று முடிவானது.

வீரையா ஒவ்வொரு வாரமும் வந்தார். ஒவ்வொரு வாரமும் பூட்டை எண்ணினார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நூற்றிரண்டு என்றார் மொக்கைச்சாமி. "நூத்தி நாலுங்க. மூனாவது மெஷினுக்குப் பின்னால ரெண்டு தொங்குது" என்று வீரையா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

மொக்கைச்சாமிக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அன்றே சுப்புராஜிடம் போய் நின்றார்.

"ஐயா, ஒரு வார்த்தைங்க. எங்க ஊர்ல பூட்டுறதுன்னா வண்டி பூட்டுறதும் பூட்டுறதுதானுங்க. மாட்டக் கட்டி வண்டியக் கெளப்புறது. இவங்க அதைச் சொல்லியிருப்பாங்களோ?"

சுப்புராஜ் யோசித்தார். அவர் யோசித்தால் நெற்றியில் குரங்குக் குல்லாய் ஏறி இறங்கும்.

"அப்ப மாடு வேணுமேய்யா?"

அன்று மாலையே சென்னைக்குக் கடிதம் போனது. 'சுற்றறிக்கையில் கண்ட பூட்டு என்பது கதவுப் பூட்டா, வண்டிப் பூட்டா எனத் தெளிவுரை வேண்டப்படுகிறது. பின்னதெனில், முனையம் ஒன்றுக்கு இரண்டு வீதம் எட்டுக் காளைகள் அனுமதிக்கப் பணிந்து வேண்டப்படுகிறது.'

பதில் ஒன்பதே நாளில் வந்தது. 'காளைகளுக்கு ஒதுக்கீடு இல்லை. மாற்றாக ஒரு பொறியாளர் அனுப்பப்படுகிறார்.'

பொறியாளர் ஞானவேல் ஆகஸ்ட் 18-ம் தேதி வந்தார். முப்பது வயதிருக்கும். வலையைப் பார்த்தார், பூட்டுகளைப் பார்த்தார், பூனைகளைப் பார்த்தார். சென்னைக்காரர் என்றாலும் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய் ஐந்து நிமிஷம் யூகலிப்டஸ் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார்.

பூட்டைத் திறக்க இரண்டு நாள் ஆயிற்று. சாவிகள் எல்லாம் ஒரே டப்பாவில் கிடந்தன. மூன்றாம் நாள், ஜன்னலில் வீரையா ஐந்தாம் முறையாக நின்றிருக்கும்போது, ஞானவேல் எல்லோரையும் கூப்பிட்டு விளக்கினார்.

"சார், இந்தச் சின்ன மெஷின் நாலுக்கும் சொந்தத் தட்டு கெடையாது. தட்டுலதான் மெஷினோட ஞாபகம் எல்லாம் இருக்கும். தட்டு இல்லாததால, காலையில சுவிட்ச் போட்டா, தான் யாருன்னே அதுக்குத் தெரியாது. வயித்துக்குள்ள ஒரு நம்பர் மட்டும் பொறிச்சிருக்கும். அந்த நம்பரைச் சொல்லி, கம்பியில இருக்கிற எல்லாரையும் பார்த்து, 'நான் யார்? யாராவது சொல்லுங்க'ன்னு கத்தும்."

"அரசு அலுவலகத்துல கத்தலாமா?" என்றார் சுப்புராஜ்.

"சத்தம் வராது சார், கம்பிக்குள்ளதான். தலைமை மெஷின் அதைக் கேட்டு, தன் பட்டியல்ல அந்த நம்பரைத் தேடி, 'உன் பேர் இது'ன்னு சொல்லும். கூடவே ஒரு சின்னச் சீட்டு அனுப்பும். பெரிய மூட்டையை எங்கேருந்து, எப்படி இறக்கிக்கணும்னு அந்தச் சீட்டுல இருக்கும். அதைப் படிச்சு மூட்டையை இறக்கிக்கும். அந்த மூட்டைதான் ஆபரேட்டிங் சிஸ்டம். எப்படி நடந்துக்கணும், எப்படி எழுதணும், எப்படி அச்சடிக்கணும்னு எல்லாமே அதுலதான். அப்புறம்தான் அது மெஷின். அதுவரைக்கும் வெறும் பெட்டி."

"அப்ப போட்டுக் காட்டுங்க" என்றார் மணியன்.

மணி பத்து. மொக்கைச்சாமி நான்கு முனையத்துக்கும் சுவிட்ச் போட்டார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. 'நான் யார் என்று கேட்கிறது' என்று ஞானவேல் படித்துச் சொன்னார். கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் களைத்துப்போய் நான்கும் அப்படியே நின்றுவிட்டன.

"தலைமை மெஷினை ஏன் இன்னும் போடல?" என்றார் ஞானவேல்.

"அது பதினோரு மணிக்கு" என்றார் மணியன். "ஐயா பதினோரு மணிக்குத்தான் அவர் ரூமுக்கு வருவாங்க. சாவி அவங்ககிட்டதான். இன்னைக்கு நீங்க வந்திருக்கீங்கன்னு வெள்ளனே வந்து ஹால்ல உக்காந்திருக்காங்க."

"அதை முதல்ல போடணும் சார்!"

சுப்புராஜின் குல்லாய் ஏறி இறங்கியது. "தலைமை, கீழ்நிலையாளுங்களுக்கு முன்னால வந்து காத்துக் கெடக்கணுமா? எந்த ஆபீஸ்ல தம்பி அப்படி வழக்கம்? முதல்ல உதவியாளர் வரணும், அப்புறம் எழுத்தர், கடைசியா அதிகாரி. வரிசையை மாத்தினா நாளைக்கு நான் வந்து மொக்கைச்சாமிக்குக் கதவு தொறந்து விடணும்."

ஞானவேல் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. வீரையா மனசுக்குள் கணக்குப் போட்டார். ஆகஸ்ட் 20. இன்னும் பதினோரு நாள். நடுவில் சனி, ஞாயிறு. இப்போது பேசாவிட்டால் எப்போதும் பேசிப் பயனில்லை. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, மன்னிக்கணும். எங்க தோட்டத்தில காலையில பெரட்டுன்னு ஒன்னு வைப்பாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். வீரையா விடவில்லை.

"தப்பு மேளம் அடிச்ச உடனே நூத்திப் பன்னெண்டு பேரு களத்தில வந்து நிப்போம். எந்த மலைக்குப் போறது, கொழுந்து எடுக்கிறதா, புல்லு வெட்டுறதா, ஒன்னும் தெரியாது. கணக்கப்பிள்ளை புத்தகத்தத் தொறந்து நம்பரை வாசிச்சு, 'நீ இன்னாரு, இன்ன வேலைக்குப் போ'ன்னு சொன்னாத்தான் அன்னைக்கு நாங்க ஆளு. அவரு எங்களுக்கு முன்னுக்கே களத்துக்கு வந்திருவாரு. மரியாதை கொறைஞ்சதுனால இல்லீங்க. புத்தகம் அவரு கையில இருக்கிறதுனால."

ஞானவேல் மேஜையைத் தட்டினார். "இதேதான் சார்! எங்க மேனேஜருக்கு மூணு மாசமா வெளங்காதது பெரியவருக்கு ஜன்னல்ல நின்னே வெளங்கிருச்சு."

"அப்ப நான் கணக்கப்பிள்ளையா?" என்றார் சுப்புராஜ். முகம் சுருங்கியது.

ஞானவேலுக்கு அந்த நேரத்தில் ஒரு புத்தி வந்தது. "சார், பெரட்டுன்னா என்ன? பரேடு! ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கலெக்டர் மேடையில முன்னாடியே வந்து நின்னு பரேடு எடுக்கல? அது காத்திருக்கிறதா சார்?"

சுப்புராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பரேடு" என்றார் மெதுவாக. "நாலு பேருக்கு."

ஆகஸ்ட் 24, திங்கட்கிழமை. சுப்புராஜ் ஒன்பதே முக்காலுக்கு வந்தார். கழுத்தில் டை, தலையில் குல்லாய். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பு கூடாது என்பதால் காலில் வெறும் காலுறை. தலைமை அறையைத் திறந்து, தலைமையைப் போட்டு, ஹாலுக்கு வந்து விறைப்பாக நின்றார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் ஞானவேல். "பட்டியல்ல நாலு நம்பருக்கும் பேர் வைக்கணும். என்ன பேர் வைக்க?"

"ஒண்ணுக்கு என் பேர்" என்றார் சுப்புராஜ். இரண்டுக்கு மணியன், மூன்றுக்கு மொக்கைச்சாமி. நாலாவதற்கு அலுவலகத்தில் ஆள் இல்லை. ஞானவேல் ஜன்னலைப் பார்த்தார்.

"பெரியவரே, உங்க பேரு?"

"வீரையாங்க."

தட்டினார், சேர்த்தார், அவ்வளவுதான். எந்த ஊர், எந்தக் கப்பல், அப்பா பெயர் என்ன, ஆதாரம் எங்கே என்று ஒன்றும் கேட்கவில்லை. வீரையா இந்தியாவுக்கு வந்த பதினாலு வருஷத்தில், ஒரு அரசாங்கப் பட்டியலில் அவர் பெயர் இத்தனை சுலபமாக ஏறியது அதுவே முதல் தடவை.

மணி பத்து. நான்கு திரையும் 'நான் யார்' என்று கேட்டன. தலைமை சொன்னது. சீட்டு வந்தது, மூட்டை இறங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு திரையும் பச்சையாக ஒளிர்ந்தன. சுப்புராஜ் வலது கையை நெற்றிக்கு உயர்த்தி மரியாதையை ஏற்றுக்கொண்டார்.

ஞானவேல் மத்தியான பஸ்ஸுக்கே இறங்கிப் போய்விட்டார். பரணில் இருக்கும் இரண்டு பேரேட்டிலுள்ளதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது யார் வேலை என்று சுற்றறிக்கையில் சொல்லப்படாததால், அது யார் வேலையாகவும் இல்லை. ஆகவே தலைமையில் இருந்தது ஒரே பட்டியல். அதில் இருந்தது நான்கே பெயர்.

அடுத்த நாளிலிருந்து மணியன் சான்று அடிக்க உட்கார்ந்தார். வந்தவர்கள் பெயரைத் தட்டினால் 'பட்டியலில் இல்லை' என்று வந்தது. காசிநாதன் இல்லை. ஞானம்மா இல்லை. பெருமாயி இல்லவே இல்லை.

"நான் இங்கதானே நிக்கிறேன் சார்?" என்றார் பெருமாயி.

"நிக்கிறது வேற, இருக்கிறது வேற" என்றார் மணியன்.

பதினேழாவதாக வீரையா முறை. பெயரைத் தட்டினதும் அச்சு இயந்திரம் கரகரவென்று சான்றைத் துப்பியது. மணியன் பார்க்காமலே முத்திரை குத்தினார்.

"பட்டியல்ல இருக்கிறவரு மாசம் பொறந்தா ஒன்னாம் தேதி நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். ஒரு மாசம் விட்டாலும் பேரு அழிஞ்சிரும். பேரு அழிஞ்சா சான்று செல்லாது. தெரிஞ்சுதா?"

"சரிங்க" என்றார் வீரையா. சான்றை மூன்று மடிப்பாக மடித்து, சட்டைக்குள் வைத்து, இருபத்தி மூன்று படியையும் இரண்டிரண்டாக இறங்கினார்.

வீட்டில் லெட்சுமி விரித்துப் படித்தாள். "அப்பா, இங்க என்னமோ போட்டிருக்குப்பா. தகப்பனார் பெயர் வீரையா, டெர்மினல் நாலு. சொந்தத் தட்டு இல்லை. சரிபார்க்கப்பட்டது."

வீரையா யோசித்தார். அவர் எதிலும் பிழை பொறுக்காதவர். திருத்தக் கொடுத்தால் எத்தனை நாள் ஆகும் என்று எண்ணிப் பார்த்தார். கையில் ஆறு நாள் இருந்தது.

"சரியாத்தான் போட்டிருக்கு" என்றார். "தட்டுமுட்டுச் சாமானெல்லாம் தலைமன்னார்லயே விட்டுட்டுத்தானே வந்தோம்?"

"டெர்மினல்னா என்னப்பா?"

"பெரட்டுல நிக்கிறவன்."

திண்டுக்கல்லில் சான்றை வாங்கிப் பார்த்தவர் கண்ணாடியைத் துடைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்பா கவர்மென்ட் ஆபீஸ்லயாம்மா இருக்காங்க?" லெட்சுமி பயிற்சியில் சேர்ந்துவிட்டாள்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி வீரையா போய்க் கையெழுத்திட்டார். அதே வாரம் தலைமை தானாகவே ஒரு மாதாந்திர அறிக்கை அச்சடித்தது. கம்ப்யூட்டர் அடித்ததைப் படித்துப் பார்ப்பது கம்ப்யூட்டரை அவமதிப்பதாகும் என்பதால், சுப்புராஜ் படிக்காமல் கையெழுத்திட்டுச் சென்னைக்கு அனுப்பினார். அதில் கண்டது: 'சரிபார்க்கப்பட்ட தாயகம் திரும்பியோர் மொத்தம் நால்வர். சுப்புராஜ், மணியன், மொக்கைச்சாமி, வீரையா.'

பதில் செப்டம்பர் 30-ம் தேதி வந்தது. 'மேற்கண்ட நால்வரில் மூவர், தாம் தாயகம் திரும்பியோர் என்பதை மறைத்து அரசுப் பணியில் இருந்து வருவது தெரியவருகிறது. எந்தத் தோட்டம், எந்தக் கப்பல் என்பதற்கு உரிய சான்று பெற்று அளிக்கும் வரை அவர்கள் அலுவலகத்தினுள் நுழையலாகாது. சான்று மூஞ்சிக்கல் அலுவலகத்தில் வழங்கப்படும்.'

அக்டோபர் ஒன்றாம் தேதி காலை வீரையா கையெழுத்திட வந்தபோது, மூடிய ஜன்னலுக்கு முன்னால் வரிசை இருந்தது. முதலில் சுப்புராஜ், டையோடு. அடுத்து மணியன். அடுத்து மொக்கைச்சாமி. வீரையா நாலாவதாக நின்றார்.

"என்ன மணியன், நாம அங்கேருந்து வரலைன்னு ஒரு சான்று வாங்கிட்டா முடிஞ்சுபோச்சே?" என்றார் சுப்புராஜ்.

"வரலைன்னு கொடுக்க நம்ம ஆபீஸ்ல படிவம் கெடையாதுங்க ஐயா. வந்தாங்கன்னு கொடுக்கத்தான் இருக்கு."

சுப்புராஜின் குல்லாய் ஏறி இறங்கியது. பிறகு அவர் மெதுவாகப் பின்னால் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"வீரையா, உங்க பக்கத்துல ஏதாவது ஒரு தோட்டத்துப் பேரு சொல்லுங்களேன். எனக்கு ஒன்னு, மணியனுக்கு ஒன்னு. கப்பல் பேரு ஞாபகம் இருக்கா?"

வீரையா சொன்னார். சுப்புராஜ் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். மொக்கைச்சாமி, "எனக்கும் அதே கப்பல் போட்டுக்கிறேனுங்க, எடம் இருக்குமுல்ல?" என்றார்.

"சான்று யாருங்க அடிக்கிறது?" என்றார் வீரையா.

"மணியன்தான்" என்றார் சுப்புராஜ்.

"தலைமை எழுந்தாத்தானே நான் அடிக்க முடியும்?" என்றார் மணியன். "ஐயா உள்ள போனாத்தான் தலைமை எழும்பும். சான்று வந்தாத்தான் ஐயா உள்ள போகலாம்."

சாவி சுப்புராஜின் பையில் கிணுகிணுத்தது.

பத்து மணி அடித்தது. பழைய சுற்றறிக்கை ரத்தாகவில்லை. தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. மொக்கைச்சாமி வரிசையை விட்டு விலகி, நுழையாமல், பக்கத்தில் திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு தொரட்டிக் கம்பை நீட்டி, சுவரிலிருந்த சுவிட்சுகள் நான்கையும் தட்டிவிட்டு வந்து தம் இடத்தில் நின்றுகொண்டார்.

உள்ளே நான்கு திரைகளும் விழித்தன. அந்த ஆங்கில வரியைப் படிக்க வீரையாவுக்கு இப்போது யார் உதவியும் வேண்டியதில்லை. 'நான் யார்?' என்று நான்கும் கேட்டன. வெளியே சுப்புராஜ் உள்ளங்கையைப் பார்த்துத் தம் தோட்டத்தின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

உள்ளே நாலு, வெளியே நாலு. வீரையா இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. கணக்கப்பிள்ளைதான் இல்லை.